பச்சையம்மாவின் கணவர் பெயர்

நெவில் வெல்லகாட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் கம்பெனியில் எல்லோரும் ஒரு வெள்ளைக்காரரைத்தான் எதிர்பார்த்தோம். ரோஜா மாலையோடு கேட்டில் நின்ற செக்யூரிட்டி இசக்கியப்பன், காரிலிருந்து இறங்கியவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்குவார் என்று காத்திருந்தார். யாரும் இறங்கவில்லை.

"வெள்ளக்காரரு வாறாருன்னு சொன்னிய. இவரு எங்க ஊரு பலசரக்குக் கடை அண்ணாச்சி மாதிரில்லா இருக்காரு," என்று என் காதில் முணுமுணுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள் அவர்.

"மொதல்ல மாலையப் போடுங்கண்ணே," என்றேன்.

ஒரகடத்தில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வருகிற இன்ஜினியர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது, போலீஸில் பதிவு செய்வது, அவர்கள் வயிறு கெட்டால் டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் என் வேலை. ஜெர்மன்காரர், கொரியாக்காரர் என்று பல பேரை மேய்த்திருக்கிறேன். நெவில் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்காரர். ஐம்பது வயது. ஆள் அச்சு அசலாக நம் ஆள். தமிழ் மட்டும் ஒரு வார்த்தை வராது. அவரோடு நான் பேசியது எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு நினைவிருக்கிற மாதிரி தமிழில் சொல்கிறேன்.

வந்த புதிதிலேயே ஒரு பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன கப்பல்களின் பயணிகள் பட்டியலை அவர்கள் நாட்டில் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு வரிக்கு மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தார். 1904ஆம் வருஷக் கப்பல். பெயர், பேட்சே. வயது பத்தொன்பது. ஜில்லா, செங்கல்பட்டு. ஊர், பில்லாபங்கம். கைக்குழந்தை ஒன்று, ஆண்.

"இது என்ன ஊர் என்று உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா? "சார், அது பிள்ளைப்பாக்கம். நான் பிறந்த ஊர். என் அம்மா அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்," என்றேன். "அப்புறம், பேட்சே இல்லை. பச்சை. பச்சையம்மா."

மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் குடும்பத்தில் நூறு வருஷமாக அந்தப் பெயரைத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஒரு நொடியில் தீர்த்துவைத்தேன். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் படவில்லை.

அந்த வரியில் சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஊரில் பாதிப் பேர் சொந்தம் கொண்டாட வருவார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கதைக்குத் தேவையானது அதற்கு அடுத்த கட்டம். கணவர் பெயர், வெல்லகாட், ஸேமி.

நெவில் குடும்பத்தின் தலைவலியே அந்தக் கட்டம்தான். பச்சையம்மாவோடு கப்பலில் வந்த கைக்குழந்தை நெவிலின் தாத்தா. துறைமுகத்தில் அந்தக் குழந்தைக்கு வெல்லகாட் என்றே பதிந்துவிட்டார்கள். வெல்லகாட் சுத்தமான இங்கிலீஷ்காரன் குடும்பப் பெயர். ஸேமி என்றால் சாமுவேலின் செல்லப் பெயர். பையன் கொஞ்சம் வெளுப்பாக வேறு வளர்ந்துவிட்டான். தோட்டத்தில் சும்மா விடுவார்களா? மெட்ராஸில் எந்தத் துரைக்கோ பெற்றுக்கொண்டு கப்பலேறி வந்தவள் என்று பேச்சு. பையனுக்கு வெள்ளைக்காரன் குட்டி என்று பட்டப்பெயர்.

பச்சையம்மா சொன்னது வேறு. எனக்குத் தாலி கட்டிய புருஷன் எனக்கு முன்னாலேயே இந்த நாட்டுக்கு வந்துவிட்டார், அவரைத் தேடித்தான் வந்தேன், துறைமுகத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படி ஒருத்தன் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று அவள் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சரி, அந்தப் புருஷன் பெயர் என்ன என்று மகன் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாளாம். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, வருஷக்கணக்காகக் கேட்டும் திறக்கவில்லை. பெயரே இல்லாத புருஷன் ஊரில் உண்டா என்று மகன் ஒருநாள் அவளை வீட்டை விட்டே அனுப்பிவிட்டான். தோட்டத்துக் கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருந்து செத்துப்போனாள்.

"என் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது," என்றார் நெவில். "பாட்டியை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவள் சொன்னது பொய்யா, நிஜமா? கண்ணை மூடுவதற்கு முன்னால் தெரிந்தால் போதும் என்கிறார். நான் இந்த ஊர் வேலையை ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்."

முதலில் ஊரில் விசாரித்தேன். எங்கள் ஊரில் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்கள் எல்லோரும் கார் வாங்கியிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் மட்டும் பத்திரத்தை எடுத்துப் பார்த்துதான் சொல்வார்கள். அவர்களிடம் போய், நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வெள்ளைக்காரனோடு பழக்கம் உள்ள பெண் யாராவது இருந்தாளா என்று கேட்டேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னாடி, வெள்ளக்காரனுக்குப் புள்ள பெத்தவ யாருன்னு ஊரெல்லாம் கேட்டுகினு கீறியாமே?" என் அம்மா மீனம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எவன் வூட்டுப் பொண்ணைப் பத்திக் கேக்கறோம்னு ரோசன வேணாம்? நாளைக்கு நான் கொயாக்குத் தண்ணி புடிக்கப் போவணுமா வேணாமா?"

ஊர்க்கதவு சாத்திக்கொண்டதால் இணையத்துக்கே திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூரில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போவேன். அவர் ஒரு லேப்டாப்பில் உட்காருவார், நான் ஒன்றில். சர்ச் பதிவுகள், பட்டாளத்துக்காரர் பட்டியல், இங்கிலாந்திலிருந்து மெட்ராஸுக்கு வந்த கப்பல்களின் பட்டியல் என்று தேடாத இடம் இல்லை. என் கணவர் பகலவன், "சம்பளம் இல்லாத ஓவர்டைமா?" என்று கிண்டல் செய்வான். நான் அவனை அவன் இவன் என்றுதான் சொல்வேன், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதற்காக என் அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

கடைசியில் ஒரு சாமுவேல் வெல்லகாட் கிடைத்தே விட்டான். 1901இல் மெட்ராஸில் வந்து இறங்கிய ஏதோ ஒரு குமாஸ்தா. வேறு எந்தத் தகவலும் இல்லை. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வருஷமும் பொருந்துகிறது, பெயரும் பொருந்துகிறது, இனி என்ன வேண்டும்? நெவில் அன்றைக்கே அவர் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

முழுவதும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "அப்படியென்றால் என் அப்பா செய்ததுதான் சரி," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம் கிழவர். அதற்கப்புறம் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, யாரோடும் பேசுவதில்லை என்று நெவிலின் தங்கை போனில் அழுதாள். உண்மை கிடைத்தால் மனது ஆறும் என்று யார் சொன்னது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இது நடந்து சில மாதம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் அட்டைக்குப் புகைப்படம் எடுக்க வந்தார்கள். அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். இந்தக் காலத்தில் இது என்ன கூத்து என்று எனக்கு ஒரு வீம்பு. அம்மா ஒரு கையை முழுதாக விரித்து, இன்னொரு கையில் இரண்டு விரலைக் காட்டினார்.

"ஏழு புள்ளைங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அய்ய, புள்ள இல்லம்மா. ஏழு. அதுக்கு மேல மல. திருப்பதி கீதே, அது."

வரிசையே சிரித்தது. "ஏழுமலைன்னு போட்டுக்கோம்மா," என்று நான் சொன்னேன். என் அப்பாவின் பெயரை என் அம்மா வாயால் நான் இன்றுவரை கேட்டதில்லை. சந்தையில் அப்பா தொலைந்துபோனாலும், "யோவ், இந்தாய்யா" என்றுதான் தேடுவார்.

அன்றைக்குக் கிருத்திகை. "வந்தது வந்துட்டோம், அப்டியே வல்லக்கோட்டைக்கு ஒரு எட்டு போயி முருகனைப் பார்த்துட்டு வந்துடலாம்டி," என்றார் அம்மா. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்த்திக்கொண்டு ஒரகடம் ரோட்டில் போனேன். கம்பெனி பஸ்கள் இடித்துக்கொண்டு போயின. பச்சை நிறப் பெயர்ப் பலகையில் வல்லக்கோட்டை என்று தமிழிலும், கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் போய்வருகிறேன்; மேலே இருப்பதைத்தான் படித்திருக்கிறேன். அன்றைக்கு ஏனோ கீழே இருந்ததைப் படித்தேன். ஆங்கில எழுத்தை ஆங்கிலக்காரன் படிக்கிற மாதிரி படித்தேன். வேகத்தைக் குறைத்தேன்.

"யம்மா, அப்பா பேரு முருகன்னு வெச்சிக்கோ. யாராச்சும் கேட்டா இன்னான்னு சொல்லுவே?"

"சீ, கம்முனு வண்டிய ஓட்டு."

"சொல்லும்மா. அவசரம்."

"இதுல இன்னாடி அவசரம்? வல்லக்கோட்ட சாமி பேருன்னு சொல்லுவேன். வேற எப்டி சொல்றது?"

வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். ஸேமி இல்லை, சாமி. வெல்லகாட் இல்லை, வல்லக்கோட்டை. கப்பலேற்றுவதற்கு முன்னால் ஆட்களை வைத்திருந்த மெட்ராஸ் டிப்போவில் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். வல்லக்கோட்டை சாமி பேரு என்று ஊரில் எல்லாப் பெண்களும் சொல்கிற மாதிரி அவளும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைப்பாக்கத்து ஆள் யாராவது எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டே சரியாக எழுதியிருப்பான். எழுதியவனுக்கு அந்த ஊரும் தெரியாது, அந்தச் சாமியும் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே தன் பாஷையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சரியாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்பிக் கப்பல் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு நான் கோயிலில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. நேரே நெவில் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்படியென்றால் அவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் சிக்கல். முருகனுக்குப் பெயர் கொஞ்சமா? 1904க்கு முந்தைய கப்பல்களை எடுத்துவைத்துக்கொண்டு முருகன், சுப்பிரமணி, வேலாயுதம், கந்தசாமி, சண்முகம் என்று ஒவ்வொரு பெயருக்கும் வெள்ளைக்காரன் போட்டிருக்கக்கூடிய எல்லா எழுத்துகளிலும் தேடினோம். பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நெவிலின் ஒப்பந்தம் முடிகிற நேரம் நெருங்கிவிட்டது.

முந்தைய வருஷத்துக் கப்பல் ஒன்றில் கிடைத்தான். ஆர்மூகம், வயது இருபத்து நான்கு, ஜில்லா செங்கல்பட்டு, ஊர் பில்லாபங்கம். ஆறுமுகம். குறிப்புக் கட்டத்தில், மனைவி பேட்சே, ஊரில் இருக்கிறாள்.

அவன் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஆண்பிள்ளைக்கு என்ன தடை? அங்கே ஒரு குமாஸ்தா ஆறுமுகத்தின் மனைவி பேட்சே என்று எழுதி வைத்திருக்கிறான். அடுத்த வருஷம் ஒரு பேட்சே கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாள். துறைமுகத்தில் அவர்கள் தேடியது வெல்லகாட் ஸேமியை. அவள் பெயரை வைத்துத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

ஆறுமுகத்தை அனுப்பிய தோட்டத்தின் பெயரும் இருந்தது. நெவில் அதை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். ஓர் ஆற்றுக்கு இந்தக் கரையில் அவள் வேலை செய்த தோட்டம், அந்தக் கரையில் அவன் வேலை செய்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் அவன் ஊர் திரும்பியிருக்கிறான். திரும்பிப்போனவர்களின் பட்டியலில் தனி ஆளாக அவன் பெயர் இருந்தது. பெண்டாட்டியைப் பார்க்கத்தான் வந்திருப்பான். பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி அவள் எங்கே என்று கேட்டிருப்பான். கப்பலேறிப் போய்விட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். எந்த நாட்டுக் கப்பல் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? எங்கள் ஊர் வாய் எனக்குத் தெரியும். ஓடிப்போனவள் என்றுதான் சொல்லியிருக்கும். அங்கே வெள்ளைக்காரன் வைப்பாட்டி, இங்கே ஓடிப்போனவள். புருஷனைத் தேடிப் போனதைத் தவிர அந்தப் பெண் வேறு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கைப்பில் கிழவரைப் பிடித்தோம். "பெயரை மட்டும் சொல். ஆற்றையும், அவன் திரும்பிப் போனதையும் சொல்ல வேண்டாம். அப்பா தாங்க மாட்டார்," என்று நெவில் முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்.

திரையில் ஒரு மெலிந்த முகம் வந்தது. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாரும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து, வல்லக்கோட்டை சாமி எப்படி வெல்லகாட் ஆனார் என்பது வரைக்கும் மெதுவாகச் சொன்னேன். முன்பு நாங்கள் சொன்ன குமாஸ்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். "உங்கள் பாட்டி பொய் சொல்லவில்லை அங்கிள். உங்கள் தாத்தா பெயர் ஆறுமுகம்."

"ஆர்முகம்," என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"ஆறு முகம். ஆறு என்றால் எண். முகம் என்றால் இது," என்று என் முகத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, "எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்?" என்று கேட்டார்.

நான் நெவிலைப் பார்த்தேன். நெவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது மனிதர் நேராகக் கேட்கும்போது மறைக்க எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன்.

"அது ஆற்றுக்கு அந்தப் பக்கம்," என்றார் அவர். "அங்கே மணி அடித்தால் எங்கள் லைன் வீட்டில் கேட்கும். அதை வைத்துத்தான் அவள் அடுப்புப் பற்றவைப்பாள் என்று சொல்வார்கள்."

நெவில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஆறுமுகம் அப்புறம் என்ன ஆனார் என்று கிழவர் கேட்டார். ஊருக்குத் திரும்பிவிட்டார், தனியாக, என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆறு முகம்," என்றார். "எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாமி படம் இருந்தது. மயில்மேல் உட்கார்ந்திருக்கும். ஆறு முகம் இருக்கும். பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் வந்து வாசற்படியில் நிற்பாள். உள்ளே விட மாட்டோம். அப்பா அதே கேள்வியைக் கேட்பார். பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வா என்பார். அவள் அந்தப் படத்தைக் கையால் காட்டுவாள். சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே என்று அப்பா கத்துவார். அவள் திரும்பத் திரும்பக் காட்டுவாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்."

கிழவரே தொடர்ந்தார்.

"ஒருநாள் அப்பா அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அப்பா கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. அந்த ஆணியையே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை."